அழிப்பதற்கு முன் ஒருமுறை பாருங்கள்: பழைய தமிழ்க் கோப்புகளும் யுனிக்சு முனையமும்



தமிழ்ப்பள்ளிகளில் பழைய கணினிகளைத் துப்புரவு செய்யும் நாள்களில் தவறாமல் காதில் விழும் தீர்ப்பு ஒன்று உண்டு. "இந்தக் கோப்பு கெட்டுப்போச்சுங்க சார், அழிச்சிடலாம்." திரையில் தமிழ் தெரியவில்லை, கோணல்மாணலாக ஏதேதோ குறிகள் தெரிகின்றன. எனவே கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். அடுத்த நொடி ஒரு சொடுக்கு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஓர் ஆசிரியர் இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்த பள்ளி வரலாறு அத்துடன் முடிந்தது.

அப்படி அழிக்கப்படும் கோப்புகளுள் பல கெட்டுப்போனவையே அல்ல. அவற்றைப் பார்க்கும் வழிதான் நமக்குப் பழக்கமில்லை. அந்த வழி பழையது, எளியது, ஒரு காசும் செலவில்லாதது. யுனிக்சு இயங்குதளத்தின் கட்டளை வரியில் ஒரு கோப்பை உள்ளபடியே பார்ப்பதுதான் அது. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நமக்கு இதில் என்ன அக்கறை?

1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பது நாம் அடிக்கடி மேடையில் சொல்லும் கணக்கு. இன்று இருப்பவை ஐந்நூற்றுச் சொச்சம். பேராக் மாநிலத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்டவை உள்ளன. சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், பாகான் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே கதைதான். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. அல்லது வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. லயங்கள் இல்லை. ஆயாக் கொட்டகை இல்லை. மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்துவிட்டனர். பள்ளிகள் சில மூடப்பட்டன, சில இணைக்கப்பட்டன, சில பட்டணத்துக்கு இடம்மாறின. தோட்டமே மறைந்த பிறகும் பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் தங்கியிருப்பதை இங்குள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்தத் தோட்டங்களின் வரலாற்றை யார் எழுதி வைத்தார்கள்? துரைமார்களின் கணக்கேடுகளில் இரப்பர் விளைச்சல் இருக்கும். நம் மக்களின் கதை இராது. நம் கதை பெரும்பாலும் பள்ளி ஆண்டு மலரிலும், விழா மலரிலும், தலைமையாசிரியர் எழுதிய பள்ளி வரலாற்றுக் குறிப்பிலும்தான் இருக்கிறது. 1990களுக்குப் பிறகு இவை கணினியில் தட்டச்சு செய்யப்பட்டன. அச்சிட்ட படிகளைக் கரையான் தின்றது, வெள்ளம் கொண்டுபோனது. எஞ்சியிருப்பது ஏதோ ஒரு வட்டில் உறங்கும் கோப்பு மட்டும்தான். அதைத்தான் "கெட்டுப்போச்சு" என்று அழிக்கிறோம்.

தமிழ் ஏன் தெரியவில்லை?

கோப்பு வேறு, அதைக் காட்டும் திரை வேறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கணினிக் கோப்பில் எழுத்துகள் இல்லை, எண்கள்தாம் உள்ளன. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை. அதனைப் பைட்டு என்கிறோம். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஓர் உடன்பாடு. ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960களிலேயே அமைந்துவிட்டது. 0 முதல் 127 வரை அதற்கே. தமிழுக்கோ 1990களில் ஓர் உடன்பாடு இல்லை, பல இருந்தன. மென்பொருள் செய்தவர் ஒவ்வொருவரும் தம் எழுத்துருவுக்குத் தனித்தனி எண்வரிசை வைத்துக்கொண்டனர். ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் குப்பைதான் தெரியும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்களை நாம் மறக்கக்கூடாது. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல்வழி கூடிப் பேசித் திஸ்கி என்ற குறியீட்டை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்னும் குறியீடுகளை அறிவித்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வழியாகத் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்ட ஆசிரியர்கள் ஏராளம். இலங்கைத் தமிழரிடையே பாமினி எழுத்துரு பரவியிருந்தது. பின்னர் ஒருங்குறி வேரூன்றியது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது நம் கணினிகளில் இயல்பாக இயங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2010இல் தமிழ்நாட்டு அரசும் அதனைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

ஆகவே 2000ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஒரு கோப்பு இன்று தமிழாகத் தெரியவில்லை என்றால், அது எந்த உடன்பாட்டில் எழுதப்பட்டது என்று கேட்பதே முறை. அந்தக் கேள்விக்கு விடை கோப்புக்குள்ளேயே இருக்கிறது. சொல்திருத்தி போன்ற மென்பொருள்கள் அந்த விடையை மறைத்துவிடுகின்றன. அவை எழுத்துருவை மாற்றிப் பார்க்கும். தாமே ஊகம் செய்யும். சில வேளைகளில் திறந்த கோப்பைத் தவறான குறியீட்டில் சேமித்தும் விடும். கட்டளை வரியோ உள்ளதை உள்ளபடி காட்டும்.

நான்கு கட்டளைகள் போதும்

மெக்கிந்தாசு கணினியிலும் லினக்சிலும் 'டெர்மினல்' என்ற முனையம் கூடவே வருகிறது. விண்டோசில் 2016 முதல் லினக்சுத் துணையமைப்பை நிறுவிக்கொள்ளலாம். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன்.

முதலாவது, கேட் (சி, ஏ, டி). பூனை அன்று, 'தொடுத்தல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். 1971 நவம்பரில் வெளிவந்த யுனிக்சின் முதல் கையேட்டிலேயே இது இருக்கிறது. கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் முழுக் கோப்பும் திரையில் ஓடும். சிறிய கோப்புக்கு இது போதும்.

இரண்டாவது, லெஸ் (எல், இ, எஸ், எஸ்). நீண்ட கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும். இதற்கு முன்னோடி மோர். மோர் என்றதும் நமக்கு வெயில்காலம் நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அது 'மேலும்' என்னும் பொருளில் வந்தது. 1978இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. தொடக்கத்தில் முன்னோக்கி மட்டுமே புரட்டக்கூடிய மோருக்கு மாற்றாக, 1980களில் மார்க் நுடெல்மன் பின்னோக்கியும் புரட்டக்கூடிய லெஸ்சை எழுதினார். வெளியேற 'கியூ' என்ற எழுத்தை அழுத்துங்கள். தொடக்கத்தை மட்டும் பார்க்க ஹெட், கடைசி வரிகளை மட்டும் பார்க்க டெயில் என்று இதற்குத் துணைவர்களும் உண்டு.

மூன்றாவது, ஓடி (ஓ, டி). என் கருத்தில் தமிழருக்கு இதுவே மிகவும் பயன்படுவது. இது எழுத்தைக் காட்டாது, எண்களைக் காட்டும். ஓடி என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடு, டி, யூ, 1 ஆகியவற்றைச் சேர்த்துத் தட்டி, மீண்டும் இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். பிரட்டுக் களத்தில் கிராணி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பைட்டாக வந்து நிற்கும். இடப்பக்க ஓரத்தில் வருவது இடக்குறி, அதை விட்டுவிடலாம்.

நான்காவது, ஐகான்வ் (ஐ, சி, ஓ, என், வி). ஒரு குறியீட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது. இதனைப் பின்னர் பார்ப்போம்.

முதல் மூன்று கட்டளைகளும் கோப்பைப் படிக்க மட்டுமே செய்யும்; மாற்றா. அதனால் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒன்றில் கவனம் தேவை: 'பெரியது' என்பதைக் காட்டக் கணிதத்தில் இடும் கூர்க்குறியைக் கட்டளையில் தப்பித்தவறியும் பழைய கோப்பின் பெயருக்கு முன் இடாதீர்கள். அது கோப்பை வெறுமையாக்கிவிட்டு அதன்மேல் எழுதும். எப்போதும் முதலில் ஒரு படி எடுத்துவிட்டுப் படியின்மீதே வேலை செய்யுங்கள்.

எந்தக் குறியீடு என்று எப்படி அறிவது?

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து: த, மி, ழ். ஒருங்குறிக்கு ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பிலோ பதினைந்து பைட்டு. ஓடி கட்டளையில் பார்த்தால் 224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141 என்று தெரியும். ஒவ்வொரு மூன்றும் 224இல் தொடங்குவதையும், இரண்டாவது எண் 174 அல்லது 175 ஆகவே இருப்பதையும் கவனியுங்கள். ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி முழுவதற்கும் இது பொருந்தும். இதை வைத்துக்கொண்டு பின்வருமாறு பிரித்தறியலாம்.

1. 224, 174, 175 ஆகியவை திரும்பத் திரும்ப வந்தால் அது யூடிஎஃப்-8 ஒருங்குறித் தமிழ். கோப்பு நலமாக இருக்கிறது. மற்ற மென்பொருளில் தலைமேல் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வணிகப் பெயர்களின் பக்கத்தில் வரும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' குறியும் மாறி மாறித் தெரிந்திருக்கும். எத்தனை மின்னஞ்சல்களில் பார்த்திருக்கிறோம்! 224ஐயும் 174ஐயும் மேலை ஐரோப்பியக் குறியீட்டில் படித்ததன் விளைவு அது, வேறொன்றுமில்லை.

2. தொடக்கத்தில் 255 254 என்று வந்து, பிறகு ஒன்றுவிட்டு ஒன்று 11 என்ற எண் வந்துகொண்டேயிருந்தால் அது யூடிஎஃப்-16. பழைய விண்டோசு நோட்பேடில் 'யூனிகோடு' என்று தேர்ந்து சேமித்தால் இப்படித்தான் ஆகும். இதுவும் நலமே.

3. 128க்கு மேற்பட்ட எண்கள் பலவாறு கலந்து வந்து, இடையிடையே ஆங்கிலச் சொற்களும் எண்களும் ஒழுங்காகத் தெரிந்தால் திஸ்கியாகவோ டாப்பாகவோ இருக்க வாய்ப்புண்டு. கேட் கட்டளையில் இது கேள்விக்குறி பொதிந்த சாய்சதுரங்களாகத் தோன்றும். லெஸ் கட்டளையோ 'இது எழுத்துக்கோப்பு அன்று போலிருக்கிறதே, பார்க்கத்தான் வேண்டுமா?' என்ற பொருளில் கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள்.

4. எல்லாமே ஆங்கில எழுத்துகளாக, ஆனால் பொருளற்ற கோவையாக இருந்தால் பாமினி போன்ற எழுத்துருவாக இருக்கலாம். பாமினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருக்கும்.

இன்னொரு செய்தி. முனையங்கள் பல தமிழை ஒழுங்காக வரைவதில்லை. கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில், புள்ளி தனியே என்று பிரிந்து தோன்றும். அதைப் பார்த்தும் கோப்பு கெட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அது திரையின் குறை. கோப்பின் குறை அன்று. எண்கள் சரியாக இருந்தால் எழுத்தும் சரியாகவே இருக்கிறது.

மீட்டெடுத்தல்

திஸ்கி என்று தெரிந்தால் லினக்சில் வேலை எளிது. அங்குள்ள ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். சிறுகோடும் எஃப்பும் இட்டுப் பழைய குறியீட்டின் பெயர், சிறுகோடும் டியும் இட்டு யூடிஎஃப்-8, அடுத்துப் பழைய கோப்பின் பெயர், கூர்க்குறி, புதிய கோப்பின் பெயர். புதிய பெயர் கட்டாயம் வேறாக இருக்க வேண்டும். டாப், டாம், பாமினி ஆகியவற்றுக்கு ஓப்பன் தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நிரலகத்தில் மாற்றிகள் உள்ளன. அந்த நிரலகத்தை ஒருமுறை நிறுவிக்கொண்டால், பிறகு இணைய இணைப்பே வேண்டியதில்லை.

இணைய இணைப்பு வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றனவே, ஒட்டினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பள்ளிக் கோப்புகளில் பிள்ளைகளின் பெயர், பெற்றோர் பெயர், முகவரி, பிறப்புப் பத்திர எண் எல்லாம் இருக்கும். அவற்றை எவருடையது என்று அறியாத ஒரு தளத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது முறையன்று. மேலும் அந்த மாற்றிகளுக்கும் எந்தக் குறியீடு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்ட ஒரு பள்ளியின் விழா மலர்க் கோப்பை நண்பர் ஒருவர் வட்டில் கொடுத்தார். மூவர் பார்த்துக் கைவிட்டது. ஓடி கட்டளையில் எண்களைப் பார்த்தேன், மூன்றாம் வகை. திஸ்கி என்று கொண்டு மாற்றினேன். ஒரு நொடியில் தமிழ் வந்துவிட்டது. பிரட்டுக் களத்தை ஒட்டிய அத்தாப்புக் கொட்டகையில் பள்ளி தொடங்கியதும், கங்காணிமார் சம்பள நாளன்று பள்ளிக்குப் பணம் சேர்த்ததும், மேசை நாற்காலி வந்ததும் அதில் இருந்தன. அந்தக் கொட்டகை நின்ற இடத்தில் இப்போது செம்பனை. எழுதிய ஆசிரியரும் இல்லை. அந்தச் செய்தி வேறெங்கும் எழுதப்பட்டதாக நண்பருக்கும் தெரியவில்லை. ஒரு சொடுக்கில் அதுவும் போயிருக்கும்.

சில மறுப்புகள்

"தமிழாசிரியருக்குக் கறுப்புத் திரை எதற்கு?" என்பர் சிலர். எழுத்தைக் கற்பிப்பவர் எழுத்து எங்கே, எப்படி இருக்கிறது என்று அறிந்திருப்பது இழுக்காகாது. மூன்று எழுத்து, ஐந்து குறி, பதினைந்து பைட்டு என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டிப் பாருங்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை நாம் கரும்பலகையில் சொல்கிறோம். ஒருங்குறியிலோ 'க' முதலில் நிற்கிறது, புள்ளி பின்னால் வந்து அதனை மெய்யாக்குகிறது. இலக்கணத்துக்கு இது மாறாயிற்றே என்று ஒரு மாணவன் கேட்டால், அன்றைய பாடம் வென்றுவிட்டது என்று பொருள்.

"ஒளிவருடிப் படமாக வைத்தால் போதுமே" என்பர் வேறு சிலர். படம் வேண்டியதுதான். ஆனால் படத்துக்குள் பெயரைத் தேட இயலாது. எழுத்துக்கோப்பாக இருந்தால் கிரெப் என்ற கட்டளை நூறு மலர்களுக்குள் ஒரு பாட்டனாரின் பெயரைக் கணத்தில் தேடித் தரும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி இன்றும் பயன்தருவதற்குக் காரணம் அது எழுத்தாகச் சேமித்ததுதான். முன்பு திஸ்கியில் இருந்த நூல்களை ஒருங்குறிக்குக் கொண்டுவர முடிந்ததும் அதனாலேயே.

"ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம்" என்பது நியாயமான மறுப்பு. மறுக்கமாட்டேன். பதிவேடுகளும் படிவங்களும் நம்மை விழுங்குவது உண்மை. அதனால்தான் இதை ஒவ்வொருவர் தலையிலும் கட்டச் சொல்லவில்லை. பள்ளிக்கு ஒருவர் அறிந்திருந்தால் போதும். ஆசிரியர் கல்விக் கழகங்களில் தமிழ்ப் பிரிவு மாணவர்களுக்கு இரண்டு மணி நேரப் பயிலரங்கு ஒன்று வைத்தால் போதும். நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது எழுத்துரு நிறுவக் கற்றுத் தந்தார்கள். எழுத்தைக் காக்கக் கற்றுத் தரவில்லை. வரும் தலைமுறைக்காவது அது கிடைக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. தமிழ் தெரியாத கோப்பு எதையும் உடனே அழிக்காதீர்கள். படி எடுத்து ஒதுக்கி வையுங்கள்.

2. கேட், லெஸ், ஓடி ஆகியவற்றால் பார்த்துக் குறியீட்டை உறுதிசெய்யுங்கள். வேர்டு, பேஜ்மேக்கர் கோப்புகள் வெறும் எழுத்துக்கோப்புகள் அல்ல. அவற்றை உரிய மென்பொருளில் திறந்து, எழுத்தை மட்டும் தனியே சேமித்துக்கொண்டு பிறகு பாருங்கள்.

3. யூடிஎஃப்-8க்கு மாற்றி, ஆண்டும் பள்ளிப் பெயரும் கோப்பின் பெயரிலேயே விளங்குமாறு வையுங்கள். மூலக் கோப்பையும் உடன் வையுங்கள். படிகள் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆகாது.

4. இனி எழுதும் மலர்கள், வரலாறுகள் அனைத்தையும் அழகான வடிவமைப்போடு ஒரு வெற்று எழுத்துக்கோப்பாகவும் சேமியுங்கள்.

நான்காவதுதான் தலையாயது. யூடிஎஃப்-8 முறையை 1992இல் நியூ செர்சி உணவகம் ஒன்றில் மேசை விரிப்புத்தாளின்மீது வரைந்தவர் கென் தாம்சன். உடனிருந்தவர் ராப் பைக். யுனிக்சை உருவாக்கியவர்களுள் ஒருவரும் அதே கென் தாம்சன்தான். மென்பொருள்கள் எத்தனையோ வந்தன, போயின. 1971இல் இருந்த கேட் கட்டளை இன்றும் இருக்கிறது. அந்த எளிய கட்டளைக்கே விளங்கும்படி தமிழைச் சேமித்து வைத்தால், நம் பேரப்பிள்ளைகள் எந்த எழுத்துருவையும் எந்த நிறுவனத்தையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

தோட்டங்களை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. அவற்றைப் பற்றி நம்மவர் எழுதி வைத்ததையாவது காப்பாற்றலாம் அல்லவா? உங்கள் பள்ளி அலமாரியில் பழைய வட்டு ஏதும் இருந்தால், வரும் விடுமுறையில் எடுத்துப் பாருங்கள்.